வெக்கையும் வீடும்: கூரை, காற்று, மின்விசிறி, குளிரூட்டி

கொழும்புக்குத் திரும்பி வரும் குடும்பங்கள் எங்கள் அலுவலகத்தில் முதலாம் கிழமை கேட்பது பிள்ளைகளின் பாடசாலை அனுமதி, அடையாள அட்டை, வீட்டு உறுதி ஆகியவற்றைப் பற்றித்தான். இரண்டாம் கிழமை கேள்வி மாறிவிடும். "பிள்ளை, வீட்டுக்குள்ள இருக்கேலாமல் அவியுது. ஒரு ஏசி போட எவ்வளவு முடியும்?" வவுனியாவில் நீண்ட காலம் இருந்துவிட்டு வந்த அம்மாவும் இதைத்தான் கேட்கிறார், மண்டபம் முகாமிலிருந்து வந்த ஐயாவும் இதைத்தான் கேட்கிறார்.

மீள்குடியேற்ற உதவியாகக் கையில் கிடைக்கும் காசு ஒருமுறைதான் கிடைக்கும். அதில் பெரிய பங்கை முதல் மாதமே குளிரூட்டிக்குக் கொடுத்துவிட்டு, மூன்றாம் மாதம் மின் பட்டியலைக் கட்ட வழியில்லாமல் வந்து நின்றவர்களை நாங்கள் கண்டிருக்கிறோம். பழைய வயரில் குளிரூட்டியைக் கொழுவி, பிளக் உருகி, தீப்பிடிக்காமல் தப்பிய வீட்டையும் கண்டிருக்கிறோம். ஆகவே இந்தப் பாடம் ஓர் ஒழுங்கைச் சொல்கிறது. முதலில் வயர், அடுத்தது கூரை, பிறகு காற்று, அதன்பின் மின்விசிறி, கடைசியில்தான் குளிரூட்டி. பல வீடுகளில் நாலாவதோடேயே அலுவல் முடிந்துவிடும்.

நான் மின்சாரம் படித்தவள் அல்ல, கலைப்பீடத்துப் பட்டதாரி. இங்கே எழுதியிருப்பது வேலை தெரிந்தவர்களிடம் கேட்டும், வெள்ளவத்தையில் மேல்மாடி அறையொன்றில் வாடகைக்கு இருந்து காசைத் தொலைத்தும் கற்றுக்கொண்டது.

கொழும்பு வெக்கையின் குணம்

வெப்பமானியை மட்டும் பார்த்தால் கொழும்பு அப்படியொன்றும் கொடுமையான ஊர் அல்ல. சித்திரையில் பகல் வெப்பம் 31, 32 பாகை செல்சியஸ் அளவில் நிற்கும். வவுனியாவும் அனுராதபுரமும் அதைவிட ஏறும். ஆனால் அங்கே இரவு சற்று ஆறும், காற்றில் ஈரமும் குறைவு. கொழும்பில் கடல் பக்கத்தில் இருப்பதால் காற்றில் எப்போதும் ஈரம் நிறைந்திருக்கும். வியர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும். ஈரக்காற்றில் அது காயாமல் தோலிலேயே நிற்கும். இரவிலும் வெப்பம் பெரிதாக இறங்காது. இதைத்தான் நாங்கள் அவிச்சல் என்கிறோம்.

இன்னொன்று சூரியன் நிற்கும் இடம். ஏப்ரல் மாத முற்பகுதியில் கொழும்பின் நேர் உச்சியில் சூரியன் நிற்கும். ஆவணி கடைசியளவில் மீண்டும் ஒருமுறை அப்படி நிற்கும். அந்நாட்களில் வெயில் சுவரிலும் பார்க்கக் கூரையில்தான் கூட விழும். அதோடு ஏப்ரலில் வாடை ஓய்ந்து, சோளகம் இன்னும் தொடங்காமல் காற்று செத்துக் கிடக்கும். கூரை கொதித்து, காற்றும் அசையாத அந்த மாதத்தைத் தாண்டினால் மற்ற மாதங்களைச் சமாளிக்கலாம்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். தண்ணீர் ஊற்றிப் பாவிக்கும் 'ஏர் கூலர்' பெட்டியைச் சிலர் இந்தியாவிலிருந்து கொண்டுவருகிறார்கள், சிலர் இங்கே கழிவு விலையில் வாங்குகிறார்கள். அது தண்ணீரை ஆவியாக்கித்தான் காற்றைக் குளிராக்குகிறது. வறண்ட ஊரில் அது நல்ல சாமான். ஏற்கெனவே ஈரம் நிறைந்த கொழும்புக் காற்றில் தண்ணீர் ஆவியாக இடமில்லை. பூட்டிய அறையில் வைத்தால் ஒரு மணித்தியாலத்தில் படுக்கை விரிப்புப் பிசுபிசுக்கும். வாங்க வேண்டாம். இருந்தால் தண்ணீர் ஊற்றாமல் விசிறியாக மட்டும் பாவியுங்கள்.

பூட்டிக் கிடந்த வீட்டில் சுவிட்சைப் போடமுன்

வருடக்கணக்காகப் பூட்டிக் கிடந்த வீட்டிலோ, யார் யாரோ இருந்துவிட்டுப் போன வீட்டிலோ வந்த அன்றே மின்விசிறியைப் போட்டுப் பார்க்க வேண்டாம். எலி வயரைக் கடித்திருக்கும். ஒழுக்குத் தண்ணீர் சுவிட்ச் பெட்டிக்குள் இறங்கியிருக்கும். கொட்டாஞ்சேனையின் பழைய வீடுகள் சிலவற்றில் இன்னமும் இறப்பர் உறையிட்ட வயர் இருக்கிறது. அந்த உறை காலம் போகக் காய்ந்து, தொட்டால் மாவாக உதிரும். அப்படியான வயரைத் திருத்த முடியாது, முழுதாக மாற்றத்தான் வேண்டும்.

மெயின் சுவிட்சுக்குப் பக்கத்தில் 'ட்ரிப் சுவிட்ச்' இருக்கிறதா என்று பாருங்கள். யாருக்காவது மின்சாரம் அடித்தால் கண்ணிமைக்கும் நேரத்தில் மின்னை வெட்டுவது அதுதான். மனிதரைக் காப்பதற்குப் பொருத்துவது 30 மில்லி அம்பியர் என்று எழுதியுள்ள வகை. அதில் ஒரு சிறிய சோதனைப் பொத்தான் உண்டு. மின் வந்துகொண்டிருக்கும்போது அதை அழுத்தினால் சுவிட்ச் சட்டென்று விழ வேண்டும். விழாவிட்டால் அது அலங்காரத்துக்கு இருக்கிறது என்று அர்த்தம், உடனே மாற்றுங்கள். மாதம் ஒருமுறை அழுத்திப் பார்ப்பதைப் பழக்கமாக்குங்கள். அடிக்கடி விழுகிறதே என்று ட்ரிப் சுவிட்சைக் கழற்றி நேர் வயர் கொடுக்கும் 'திருத்துநர்' வந்தால் காசு கொடாமல் அனுப்பிவிடுங்கள். அது விழுவது வீட்டில் எங்கோ மின் கசிவதால்.

பழைய வயரிங்கில் சிவப்பு மின் வரும் கம்பி, கறுப்பு நடுநிலைக் கம்பி. புதிய சாமான்களில் மண்ணிறம் மின் வருவது, நீலம் நடுநிலை, பச்சையும் மஞ்சளும் கலந்தது நிலத்துக்குப் போவது. இரண்டும் கலந்து கிடக்கும் வீட்டில் அனுபவமுள்ளவரும் பிழை விடுவார். நீங்கள் பக்கத்தில் நின்று கேளுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. தேசிய தொழிற் தகைமைச் சான்றிதழ் உள்ள ஆளாகப் பார்த்துப் பிடியுங்கள்.

வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த சாமான்களைப் பற்றியும் கேட்கிறார்கள். இந்தியாவிலும் இங்கேயும் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ் என்பதால் இந்திய மின்விசிறி இங்கே ஓடும். பிளக்தான் பிரச்சினை. அங்கே உருண்டைக் கால், இங்கே இப்போதைய தரம் 13 அம்பியர் சதுரக்கால் பிளக். அடப்டருக்கு மேல் அடப்டர் கொழுவாமல் பிளக்கையே மாற்றிவிடுங்கள். கனடாவிலிருந்து வந்த மேசை விசிறி 120 வோல்ட்டுக்குச் செய்தது. நேரே கொழுவினால் புகைதான் வரும்.

கடைசியாக, மின்விசிறி தொங்கும் கொக்கி. வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் ரயில் பாதைக்கும் இடையில், இராமகிருஷ்ண வீதி, ஸ்டேஷன் வீதிப் பக்கங்களில் உப்புக் காற்று இரும்பைத் தின்றுவிடும். கொங்கிரீட் தட்டுக்குள் இருக்கும் கம்பியும் கறள் பிடித்து ஊதும், அப்போது மேற்பூச்சு பொரிந்து விழும். கொக்கியைச் சுற்றிப் பூச்சு வெடித்திருந்தால், அல்லது கறள் நிறத்தில் தண்ணீர்க் கறை இருந்தால், மேசன் பார்க்கும்வரை அந்த விசிறிக்குக் கீழே கட்டில் போடாதீர்கள்.

கூரை

வன்னியில் இருந்தவர்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. கிடுகு வேய்ந்த வீட்டிலிருந்து தகரக் கொட்டிலுக்கு மாறியபோது என்ன நடந்தது என்று அவர்களுக்குத் தெரியும். வெயிலை அப்படியே வாங்கி உள்ளே கடத்துகிற கூரைக்குக் கீழே எத்தனை விசிறி போட்டாலும் சூட்டுக் காற்றுத்தான் சுழலும்.

கொட்டாஞ்சேனையில் ஜம்பட்டா வீதிப் பக்கம் மிஞ்சியிருக்கும் பழைய ஓட்டு வீடுகள் உண்மையில் அதிர்ஷ்டமான வீடுகள். உயர்ந்த முகடு, ஓடுகளுக்கிடையே சிறு இடைவெளி, கதவுநிலைக்கு மேலே மரத்தில் செதுக்கிய காற்றுத் துவாரம். சூட்டுக் காற்று மேலே போய் ஓட்டிடுக்கால் வெளியேற, கீழே குளிர்ந்த காற்று வரும். இந்த ஏற்பாட்டை நாங்கள்தான் கெடுத்து வைக்கிறோம். நுளம்புக்கும் கள்ளனுக்கும் பயந்து துவாரத்தைப் பலகை அடித்து மூடுவது, அறையைப் பிரிக்க உச்சிவரை பிளைவுட் ஏற்றுவது, அழகுக்காகத் தாழ்வான சீலிங் அடித்துக் காற்றுப் போகும் வழியை அடைப்பது. திரும்பி வந்த வீட்டில் இவை இருந்தால் பலகையைக் கழற்றிவிட்டு நுளம்பு வலை அடியுங்கள். உடைந்த ஓட்டை மாற்றுங்கள். பீலியைத் துப்புரவாக்குங்கள். பீலியில் தண்ணீர் தேங்கினால் ஒழுக்கோடு டெங்கு நுளம்பும் சேர்ந்து வரும். ஓட்டு வீட்டுக்காரர் வேறு செலவு செய்யமுன் இவ்வளவையும் செய்து ஒரு சித்திரையைப் பார்க்கலாம்.

அஸ்பெஸ்டஸ் சீற் போட்ட வீடுகள்தான் கூட. விலை குறைவு, வேலை சுருக்கு. உடையாமல் கூரையில் கிடக்கும் சீற்றைக் கண்டு பயந்து ஓட வேண்டியதில்லை. ஆனால் அதை வெட்டினால், துளைத்தால், காய்ந்த பாசியைக் கம்பித் தூரிகையால் சுரண்டினால் கண்ணுக்குத் தெரியாத நார் பறக்கும். அந்த நார் சுவாசப்பையில் தங்கி, பல பத்தாண்டுகள் கழித்தும் புற்றுநோயாக வரலாம். ஆகவே புகைபோக்கிக்கோ அன்ரெனாவுக்கோ நீங்களே துளைக்க வேண்டாம். பாசி எடுக்க வேண்டுமென்றால் நன்றாக நனைத்து, மென்மையான தும்புத்தடியால் எடுங்கள். உடைந்த துண்டுகளைக் காய்ந்தபடி கூட்டாமல் நனைத்துப் பொதிசெய்யுங்கள். பிள்ளைகளை அன்று வேறு வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். சீற்றின் மேல் நேரே கால் வைக்கவே கூடாது. பழைய சீற் ஆளின் பாரத்தைத் தாங்காது, கூரையிலிருந்து கீழே விழுபவர் பிறகு எழும்புவது நிச்சயமில்லை. பலகை போட்டு, மரச்சட்டம் இருக்கும் இடம் பார்த்து, வேலை தெரிந்தவரே ஏற வேண்டும்.

மொட்டை மாடியும் சீற்றும் வெயிலை வாங்குவதைக் குறைக்க மலிவான வழி வெள்ளை நிறம். 2010 மே மாதம் இந்தியாவின் அகமதாபாத் நகரில் வெப்பம் 46.8 பாகைக்கு ஏறி மிகப் பலர் இறந்துபோனார்கள். அதன் பின்னர் 2013இல் அந்த நகரம் வெப்ப அலைக்கான செயற்திட்டமொன்றை வகுத்தது. 2017இல் ஏழைக் குடியிருப்புகளின் கூரைகளுக்கு வெள்ளை அடிக்கும் வேலையையும் தொடங்கியது. 2023இல் தெலங்கானா மாநிலம் குளிர்கூரை என்பதையே அரச கொள்கையாக்கியது. வெள்ளை வெயிலைத் திருப்பி அனுப்பும், கறுத்த கூரை அதை வாங்கி வைத்திருக்கும். இதில் வேறு மந்திரமில்லை.

கொங்கிரீட் மொட்டை மாடிக்குச் சுண்ணாம்பு போதும். மழை கழுவிவிடும் என்பதால் ஒவ்வொரு வருடமும் பங்குனியில் அடிக்க வேண்டும். நாள் கூட நிற்க வேண்டுமென்றால் கூரைக்கென்று விற்கும் வெள்ளைப் பூச்சு வாங்குங்கள். நாகத் தகரத்துக்குச் சுண்ணாம்பு அடிக்காதீர்கள். அது நாகப் பூச்சை அரித்துத் தகரத்தைச் சீக்கிரம் கறளாக்கும், தகரத்துக்குரிய வெள்ளைப் பெயின்ற்தான் சரி. மாடிக் கட்டடமென்றால் மேல் தட்டு உங்களுடையது மட்டும் அல்ல. கீழ் வீட்டாரோடும் கட்டடத்தைப் பராமரிக்கும் குழுவோடும் கதைத்துச் செய்யுங்கள். நான் வாடகைக்கு இருந்த மேல்மாடியில் பகலில் தாங்கலாம், இரவு எட்டு மணிக்குத்தான் கொதி தொடங்கும். பகல் முழுக்கத் தட்டு குடித்த வெயிலை இரவில் எங்கள் தலையில் இறக்கும். வீட்டுக்கார அம்மாவைக் கெஞ்சி வெள்ளை அடித்த பிறகுதான் அந்த அறையில் நித்திரை வந்தது.

சீற்றுக்குக் கீழே வெள்ளிநிறத் தகடுத் தாள் ஒட்டுவதும் நல்லதுதான். பளபளக்கும் பக்கத்துக்கு முன்னால் ஒரு அங்குலமாவது காற்று இடைவெளி இருந்தால்தான் அது வேலை செய்யும். ஆனால் அந்தத் தாள் அலுமினியம், அலுமினியம் மின்சாரத்தைக் கடத்தும். 2009, 2010 காலத்தில் அவுஸ்திரேலிய அரசு வீட்டுக் கூரைகளுக்கு வெப்பத் தடுப்புப் போடும் பெரிய திட்டமொன்றை அவசர அவசரமாக நடத்தியது. அதில் நான்கு இளம் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். தகடுத் தாளைப் பிணைக்க அடித்த உலோகப் பின் மின் வயரைத் துளைத்ததும் அந்த மரணங்களுக்கு ஒரு காரணம். ஆகவே மெயின் சுவிட்சை நிறுத்தாமல் கூரைக்குள் யாரையும் ஏற விடாதீர்கள், உங்கள் மகனையும்தான். ரெஜிபோம் ஒட்டுவதென்றால் அது இலகுவில் தீப்பிடிக்கும் என்பதை நினைவில் வைத்து, குசினிக்கு மேலே மட்டும் போட வேண்டாம்.

காற்றுக்கு இரண்டு வாசல்

ஒரு யன்னலை மட்டும் திறந்துவிட்டுக் காற்று வரவில்லை என்பது பாயை ஒரு பக்கம் பிடித்து உதறுவது போல. காற்று உள்ளே வர ஒரு வழியும் வெளியே போக எதிர்ப்பக்கம் ஒரு வழியும் வேண்டும். வெள்ளவத்தையில் பகலில் காற்று கடல் பக்கமிருந்து, அதாவது மேற்கிலிருந்து வரும். சோளகம் அடிக்கும் மே தொடக்கம் செப்டெம்பர்வரை அது பலமாக இருக்கும். இரவில் கடற்காற்று ஓய்ந்து, மெல்லிய தரைக்காற்று எதிர்ப்பக்கமாகப் போகும். எனவே கடல் பக்க யன்னலையும் அதற்கு எதிரே உள்ள கதவையும் ஒரே நேரத்தில் திறக்க வேண்டும். மாடி வீடுகளில் எதிர்ப்பக்கம் என்பது பெரும்பாலும் நடைபாதைக் கதவுதான். அதற்கு இரும்புக் கிறில் கதவு போட்டால், மரக்கதவைத் திறந்துவிட்டுப் பயமில்லாமல் இருக்கலாம். நான் சொல்வேன், குளிரூட்டிக்குக் கொடுக்கும் காசில் சிறு பங்குக்கு அந்தக் கிறில் கூடப் பிரயோசனம்.

அதே மேற்குப் பக்கத்தால்தான் பின்னேர வெயிலும் சரிந்து வரும். உள்ளே திரைச்சீலை போட்டால் வெயில் கண்ணாடியைத் தாண்டி வந்துவிட்ட பிறகு மறைப்பதாகிறது, சூடு உள்ளேதான். யன்னலுக்கு வெளியே மூங்கில் தட்டி தொங்கவிட்டால் வெயில் கண்ணாடியைத் தொடமுன்னே நின்றுவிடும். நழுவும் கண்ணாடி யன்னல் எப்போதும் பாதிதான் திறக்கும். மாற்ற வசதியிருந்தால் பழைய காலத்துச் சட்டக் கண்ணாடி யன்னலே மேல்.

நுளம்பு வலையில் தூசி அடைத்தால் காற்றுப் பாதியாகிவிடும். துறைமுக லொறிகள் ஓடும் கொட்டாஞ்சேனைப் பக்கம் இரண்டு கிழமைக்கு ஒருமுறை கழுவுங்கள். இன்னொரு சின்ன வேலை: பொழுதுபட்ட பின் மேசை விசிறியை யன்னலில் வெளியே பார்க்க வைத்து அரை மணித்தியாலம் ஓட விடுங்கள். அறையில் தேங்கிய சூட்டை அது தள்ளிவிட, மற்ற யன்னலால் புதுக் காற்று வரும். முதலில் அயலவர் சிரிப்பார்கள்.

மின்விசிறி

மின்விசிறி அறையைக் குளிராக்காது, ஆளைத்தான் குளிராக்கும். ஆள் இல்லாத அறையில் ஓடுகிற விசிறி வீண் செலவு. உலக சுகாதார நிறுவனம் அறை வெப்பம் 40 பாகைக்குக் கீழே இருக்கும்வரை விசிறியைப் பாவிக்கலாம் என்கிறது. கொழும்பு அந்த எல்லைக்கு வருவதில்லை, ஆகவே இங்கே விசிறி எப்போதும் கைகொடுக்கும்.

விசிறி மெதுவாகச் சுற்றுகிறது, கையால் தள்ளினால்தான் புறப்படுகிறது என்றால் மோட்டர் முடிந்துவிட்டது என்று புதிது வாங்கப் போக வேண்டாம். பெரும்பாலும் அதற்குள் இருக்கும் கப்பாசிற்றர் எனும் சிறு டப்பாதான் பழுது. புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் குறைந்த விலைக்கு வாங்கலாம். பழையதைக் கையோடு கொண்டுபோய் அதே அளவில் கேளுங்கள். இலைகளின் மேல் படியும் தூசியும் வேகத்தைக் குறைக்கும். சத்தமும் ஆட்டமும் இருந்தால் இலைகளின் திருகாணியை இறுக்கிப் பாருங்கள். இலை நிலத்திலிருந்து ஏழு அடிக்குக் குறையாமல் நிற்க வேண்டும். இரண்டு தட்டுக் கட்டிலில் படுக்கும் பிள்ளைகள் உள்ள வீட்டில் இதை மறக்கவே கூடாது.

இனிக் கணக்கு. வழமையான கூரை விசிறி ஒன்று ஏறக்குறைய 75 வாற்று இழுக்கும். ஒரு நாளைக்கு 10 மணித்தியாலம் ஓடினால் 30 நாளைக்கு 22.5 அலகு. மூன்று விசிறிக்கு 67.5 அலகு. புதிதாக வரும் காந்த மோட்டர் விசிறி, கடையில் 'பி.எல்.டி.சி.' என்பார்கள், ஏறக்குறைய 30 வாற்றுதான். அதே மூன்று விசிறி, அதே நேரம், 27 அலகு. இந்த வித்தியாசம் ஏன் முக்கியம் என்றால் நமது வீட்டு மின் கட்டணம் படிப்படியாக ஏறுவது. மாதம் 60 அலகுக்குள் நிற்பவருக்கு ஒரு கட்டண ஒழுங்கு, 60ஐத் தாண்டியவருக்கு வேறு ஒழுங்கு. தாண்டியவர் முதல் அலகிலிருந்தே கூடிய விலை கொடுக்கிறார். நீங்கள் போகும்போது இருந்த கட்டணத்தை மனதில் வைத்துக் கணக்குப் பார்க்க வேண்டாம். 2022 ஓகஸ்டில் சராசரி 75 சதவீதமும், 2023 பெப்ரவரியில் 66 சதவீதமும் கூட்டப்பட்டது. அதன்பின் குறைந்தும் இருக்கிறது, திரும்பக் கூடியும் இருக்கிறது. மூன்று விசிறியையும் ஒரேயடியாக மாற்ற வசதியில்லாவிட்டால் இரவு முழுக்க ஓடுகிற படுக்கையறை விசிறியை முதலில் மாற்றுங்கள்.

வயதானவர்களும் கைக்குழந்தைகளும் உள்ள வீட்டில் சித்திரை மாதத்தை விளையாட்டாக எடுக்க வேண்டாம். உடம்பு நெருப்பாகச் சுட்டு, கதை தடுமாறி, ஆள் மயங்கினால் அது வெறும் களைப்பு அல்ல. நிழலுக்குக் கொண்டுவந்து, உடம்பை நனைத்து, விசிறியைப் பிடித்தபடி 1990க்கு அழையுங்கள். அந்த அம்புலன்ஸ் சேவை இலவசம். மயங்கியவரின் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

குளிரூட்டி வாங்கத்தான் வேண்டுமென்றால்

சில வீடுகளில் வேறு வழியில்லை. பக்கத்துக் கட்டடம் கை நீட்டினால் தொடும் தூரத்தில் எழும்பியிருக்கும், யன்னலைத் திறந்தால் அவர்களின் குசினி. நோயாளி படுத்திருப்பார். அப்படியானால் வீடு முழுவதற்கும் வேண்டாம், ஓர் அறைக்கு மட்டும் போட்டு, இரவில் எல்லோரும் அங்கே படுங்கள்.

பத்துக்குப் பன்னிரண்டு அடி அறைக்கு 9,000 பி.ரி.யு. போதும். வெயில் குடிக்கும் மேல்மாடி என்றால் 12,000 தேவைப்படலாம். வெள்ளை அடித்த கூரைக்குக் கீழே சிறியதே போதுமாகிவிடும், அதனால்தான் கூரையை முன்னே வைத்தேன். சிறிய குளிரூட்டியும் இரவில் எட்டு மணித்தியாலம் ஓடினால் ஏறக்குறைய 4, 5 அலகு எடுக்கும், மாதத்துக்கு 120 முதல் 150. 'இன்வேட்டர்' வகை குறைவாக இழுக்கும், அதற்கு விலை கூட. 26 பாகையில் வைத்து விசிறியையும் மெதுவாகச் சுழல விடுங்கள். குளிரூட்டிக்கு மெயின் பெட்டியிலிருந்து தனி வயரும் தனி பிரேக்கரும் கட்டாயம். நீட்டு வயரில் கொழுவக் கூடாது.

பழைய குளிரூட்டியை மலிவாகத் தருகிறார்கள் என்றால் உள்ளே என்ன வாயு என்று கேளுங்கள். உடம்பில் ஒட்டிய லேபலில் எழுதியிருக்கும். ஆர் 22 என்றிருந்தால் வேண்டாம். ஓசோன் படலத்தைக் கெடுப்பதால் மொன்றியல் உடன்படிக்கையின் கீழ் உலகெங்கும் குறைத்து வருகிற வாயு அது, நிரப்பக் கிடைப்பது போகப் போகக் கடினம். இப்போது கூட வருவது ஆர் 32. அது சற்றுத் தீப்பற்றக்கூடியது, ஆகவே பழகாத கைகளில் விட வேண்டாம்.

இனி என் கதை. நான் இருந்த அறையில் வீட்டுக்காரர் விட்டுப்போன குளிரூட்டி ஒன்று இருந்தது. குளிரவில்லை என்று திருத்துநர் ஒருவரைக் கூப்பிட்டேன். "காஸ் முடிஞ்சுது மிஸ்" என்றார், நிரப்பினார். நாலு மாதத்தில் திரும்பவும் முடிந்தது, திரும்பவும் நிரப்பினார். மூன்றாம் தடவை அவர் வராததால் வேறொரு தம்பி வந்தார். "அக்கா, காஸ் பெற்றோல் மாதிரிச் செலவாகிற சாமான் இல்லை. மூடிய குழாய்க்குள்ள சுற்றிக்கொண்டே இருக்கும். குறையுதென்றால் எங்கேயோ ஓட்டை" என்றார். வெளிப் பெட்டியின் குழாய் மூட்டில் உப்புக் காற்று அரித்த சிறு துவாரத்தைச் சவர்க்கார நுரை பூசிக் காட்டினார். அதை அடைத்தபின் அந்த வருடம் முழுக்க யாரையும் கூப்பிடவில்லை. யாராவது வாயு நிரப்ப வேண்டும் என்றால் ஓட்டையைக் காட்டச் சொல்லுங்கள். அடைக்காமல் நிரப்பினால் காசைக் காற்றில் விடுவதுதான்.

உள் பெட்டியின் வலைவடியை இரண்டு கிழமைக்கு ஒருமுறை நீங்களே கழற்றிக் கழுவி, நிழலில் காயவைத்துப் போடலாம். குளிர் குறைவதற்கு முதற் காரணம் அடைத்த வடிதான், வாயு அல்ல. கடற்கரைப் பக்கத்தில் வெளிப் பெட்டியை மாதம் ஒருமுறை, பிரேக்கரை விழுத்திவிட்டு, நல்ல தண்ணீரால் மெதுவாக அலம்புங்கள். தண்ணீர் வடியும் குழாயின் கீழே வாளி வைப்பவர்கள் நாளாந்தம் ஊற்ற வேண்டும், இல்லாவிட்டால் அது நுளம்புப் பண்ணை.

வாடகை வீட்டில் இருப்பவர்கள், உடன்படிக்கை எழுதும்போதே குளிரூட்டி பழுதானால் யார் செலவு, போகும்போது நீங்கள் வாங்கிப் போட்ட விசிறியைக் கழற்றிக்கொண்டு போகலாமா, சுவரைத் துளைத்தால் அட்வான்சில் கழிப்பார்களா என்பதை எழுத்தில் வாங்குங்கள். வாயால் பேசியது வீட்டுக்காரரின் மகன் வெளிநாட்டிலிருந்து வந்ததும் மாறிவிடும்.

சூடாக்கும் சாதனங்களைப் பற்றி ஐரோப்பாவிலிருந்து வந்தவர்கள் கேட்பதுண்டு. நுவரெலியாவுக்குப் போனால் யோசிக்கலாம், கொழும்பில் வேண்டாம். குளியலறைச் சுடுநீர் ஷவர் மட்டும்தான் இங்கே உள்ள ஒரே சூடாக்கி. அது குளிரூட்டியிலும் பார்க்கப் பல மடங்கு மின் இழுக்கும். தனி வயர், ட்ரிப் சுவிட்ச், நில இணைப்பு மூன்றும் இல்லாமல் பொருத்தக் கூடாது. தண்ணீரில் நிற்கும் ஆளுக்குமேல் மின் சாமான் என்பதை நினைத்துக்கொண்டால் போதும்.

இன்றிரவே செய்து பார்க்கக்கூடிய பயிற்சி

படுக்கப் போகுமுன் மின் மீற்றரில் உள்ள எண்ணை ஒரு கொப்பியில் எழுதுங்கள். காலையில் எழும்பியதும் திரும்ப எழுதுங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் அந்த இரவின் அலகு. ஒரு நாள் விசிறி மட்டும், ஒரு நாள் குளிரூட்டியோடு என்று எழுதி, 30ஆல் பெருக்கிப் பாருங்கள். பட்டியல் வருமுன்னே உங்களுக்குத் தெரிந்துவிடும். கணக்குப் படிக்கும் பிள்ளை வீட்டிலிருந்தால் அந்தப் பொறுப்பை அவரிடம் கொடுக்கலாம்.

பிறகு ஒரு பகலில் குளிர்சாதனப் பெட்டி உட்பட வீட்டிலுள்ள எல்லாச் சாமானையும் பிளக்கிலிருந்து கழற்றி, எல்லாச் சுவிட்சையும் நிறுத்திவிட்டு மீற்றரைப் பாருங்கள். பழைய மீற்றரென்றால் தட்டு நிற்க வேண்டும், புதிதென்றால் மினுங்கும் விளக்கு மினுங்காமல் நிற்க வேண்டும். அப்போதும் ஓடினால் ஒன்றில் மின் கசிகிறது, அல்லது நீங்கள் இல்லாத காலத்தில் பக்கத்து அறைக்கோ பின் வீட்டுக்கோ உங்கள் மீற்றரிலிருந்து வயர் இழுத்திருக்கிறார்கள். பிரித்துப் பிரித்து வாடகைக்கு விட்ட கொட்டாஞ்சேனை வீடுகளில் இரண்டாவது அபூர்வமல்ல. வயரை நீங்களே வெட்டவும் வேண்டாம், அயலவரோடு சண்டைக்குப் போகவும் வேண்டாம். மீற்றரின் எண்ணையும் நேரத்தையும் எழுதி, படம் எடுத்து வைத்துக்கொண்டு, மின்சாரம் வழங்கும் நிறுவனத்தின் 1987 இலக்கத்துக்கு அழைத்து முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். அந்த இலக்கத்தோடு எங்கள் அலுவலகத்துக்கு வந்தால் கடிதம் எழுத உதவி செய்வோம்.